மேடையில் நாலு தறிக்குழி

எங்கள் நடனப் பள்ளிக்கு நான் செயலாளர் ஆனதற்கு ஒரே காரணம், எனக்கு டைப் அடிக்கத் தெரியும் என்பதுதான். நடனத்துக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ரைஸ் மில் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசியில் ஆரணியில், டைப் தெரிந்த, கல்யாணம் ஆகாத, ஐந்தரை மணிக்கு மேல் வேலை இல்லாத பெண் என்றால் சங்கம் வைக்கிறவர்கள் எல்லாரும் வாசலுக்கே வந்துவிடுவார்கள். மற்றவர்களை விரட்டிவிட்டேன். எங்கள் தலைவரை மட்டும் விரட்ட முடியவில்லை.

தலைவர் பட்டு நெசவாளி, கொஞ்சம் வியாபாரமும் உண்டு. ஒவ்வொரு வருஷமும் கோயில் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து நடனக் குழு வரும். ஒரு வருஷம் கமிட்டிக் கூட்டத்தில் இவர் எழுந்து, "நம்ம புடவைய கட்டிகினு ஊரு ஊரா ஆடறாங்க. அத நெய்யற வூட்டுப் பொண்ணுங்க ஆடக் கூடாதா?" என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு நடனப் பள்ளிக்கென்று ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிட்டார். வேலூரிலிருந்து ஒரு டீச்சர் வாரம் மூன்று நாள் பஸ்ஸில் வந்தார். கட்டணம் கிடையாது. தலைவர் வீடு வீடாகப் போய், தறிக்கு நூலைத் தார் சுற்றும் வேலையிலிருந்து ஒரு மணி நேரம் விட்டுக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சி, எட்டுப் பெண்களைச் சேர்த்தார்.

இடம் அவருடைய பழைய தறிக்கூடம். பாகம் பிரித்தபோது தறிகள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டன, கூடம் இவருக்கு வந்தது. தறி போனாலும் குழி போகுமா? நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழிகள் நாலும், இரண்டு வரிசையாக, தரையில் அப்படியே இருந்தன. மண்ணைப் போட்டு மூடிவிடலாம் என்று நான் சொன்னதற்குத் தலைவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"அப்டி சொல்லாதம்மா. எங்கப்பா உட்கார்ந்த குழி அது. குழிய மூடனா தொழில மூடன மாதிரி. பலக போட்டுக்கலாம்."

பலகை போட்டார்கள். முதல் மாதமே ஒரு பெண்ணின் கால் பட்டு ஒரு பலகை புரண்டு, அவள் கால் முழங்கால் வரைக்கும் குழிக்குள் போய்ச் சிராய்த்துக்கொண்டது. அன்றிலிருந்து டீச்சர் ஒரு சட்டம் போட்டார்: பலகை மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. அந்தப் பெண்களுக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை. தறி இருந்த இடத்தை மிதிக்கக் கூடாது என்று அவர்கள் நடை பழகும்போதே கற்றுக்கொண்டவர்கள். டீச்சர் எந்த நடனம் அமைத்தாலும் பலகைகளைச் சுற்றியே அமைத்தார். மூன்று வருஷம் அப்படியே ஓடியது. பார்த்துப் பார்த்து எங்களுக்கும் அது கண்ணில் படாமல் போய்விட்டது.

பிறகு ஒரு ஆனி மாதம் தலைவரின் மகன் தனியாகத் தறி போடப் போவதாகச் சொன்னான். பொங்கல் கழிந்ததும் கூடம் வேண்டும். பெற்ற மகனிடம் இல்லை என்று சொல்ல முடியுமா? டீச்சர் என்னிடம், "இடம் இல்லன்னா நான் எங்க வர்றது? பொங்கலோட நின்னுக்கறேன்" என்றார். டீச்சர் நின்றால் பள்ளி போச்சு. பெண்கள் தார் சுற்றப் போய்விடுவார்கள், அடுத்தது கல்யாணம். எனக்கு அழுகையாக வந்தது. நடனம் தெரியாவிட்டாலும் அந்த எட்டுப் பேரும் சலங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டுவதை மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

ஊரில் அரசுப் பெண்கள் பள்ளியில் ஒரு பெரிய ஹால் இருந்தது. மாலையில் பூட்டித்தான் கிடக்கும். பொங்கலிலிருந்து அது வேண்டும் என்று கேட்டுக் கல்வி அதிகாரிக்கு ஆடி மாதம் மனு டைப் அடித்தேன். அந்த மனுவில்தான் நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். குழி என்று எழுதினால், இவர்கள் பொறுப்பில்லாதவர்கள், இவர்களுக்கு எதற்கு ஹால் என்று அதிகாரி நினைத்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. அதனால், "தற்போது வகுப்புகள் சமதளமான, பாதுகாப்பான கூடத்தில் சிறப்புற நடைபெற்று வருகின்றன" என்று அடித்தேன். நான் நீட்டியதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர் தலைவர். அதற்கும் போட்டார்.

ஐந்து மாதம் பதில் இல்லை. நேரில் போனால் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். கடைசியில், ஆண்டு விழாவுக்கு அதிகாரியே வருவார், பார்த்துவிட்டு முடிவு சொல்வார் என்று கடிதம் வந்தது. மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபம் சுலபமாகக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விழா.

மண்டபத்தின் சாவி அன்று காலையில்தான் கைக்கு வந்தது, ஒத்திகைக்கு நேரமில்லை. "பெரிய மேட, நல்லா பரவி ஆடுங்க" என்று மட்டும் டீச்சர் சொன்னார். பெண்களும் கேட்டுக்கொண்டார்கள். மண்டபம் முழுக்க நெசவுக்காரர்கள், பிள்ளை குட்டிகளோடு. முன் வரிசையில் அதிகாரி நடுவில், ஒரு பக்கம் தலைவர், ஒரு பக்கம் நான்.

முதல் நடனத்தில் எட்டுப் பேரும் வந்தார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. பின்னாலிருந்து முன்னால் ஓடி வர வேண்டிய இடத்தில் மூத்த பெண் நேராக வரவில்லை. வலது பக்கம் ஒதுங்கி, இடது பக்கம் ஒதுங்கி, பாம்பு போல் வளைந்து வந்து நின்றாள். அடுத்தவளும் அப்படியே. குட்டிப் பெண் ஒருத்தி ஓரிடத்தில் எட்டிக் குதித்தே வந்தாள். மேடையில் நாலு இடம் மொட்டையாகக் கிடந்தது. அங்கே ஒரு கால்கூட படவில்லை. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

பின்னால் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. நெசவுக்காரனுக்குத் தறிக்கூடத்தின் அமைப்பு தெரியாதா? ஒரு பெரியவர் உரக்கச் சொன்னார்: "டேய், அங்க பாருடா, தறிக்குழிய தாண்டிகினு ஆடுதுங்க பொண்ணுங்க!"

"ஆமா பெரிப்பா! நாலு குழி! முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு!"

சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. மேடை ஓரத்தில் தாளம் தட்டிக்கொண்டிருந்த டீச்சர் தலை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் புரிந்தது. ஆனால் கை நிற்கவில்லை, பெண்களும் நிற்கவில்லை. இல்லாத குழிகளை எட்டுப் பேரும் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அதிகாரி தெற்கத்திக்காரர். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் பக்கம் குனிந்து, "ஏம்மா எல்லாரும் சிரிக்கிறாங்க? அந்த இடத்துல ஏன் யாரும் கால் வைக்கல?" என்றார்.

"அது... அந்த நடனத்தோட அமைப்புங்க சார்" என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று.

மறுபக்கத்திலிருந்து தலைவர் எட்டிப் பார்த்தார். "அமைப்பும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. எங்க கூடத்துல நாலு தறிக்குழி இருக்குது. மேல பலக போட்டு வச்சிக்கிறோம். பசங்க மூணு வருஷமா அத சுத்திகினே ஆடிப் பழகிட்சிங்க. இங்க வந்தும் அதே பழக்கம்."

அதிகாரி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மடியில் வைத்திருந்த ஃபைலைத் திறந்தார். என் மனு மேலேயே இருந்தது. ஒரு வரியின் கீழ் அவர் விரல் போய் நின்றது. எந்த வரி என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இல்லை. ஃபைலை மூடிவிட்டு மேடையைப் பார்த்தார். அதற்குப் பிறகு நடந்த மூன்று நடனங்களில் எதுவும் என் கண்ணில் ஏறவில்லை. பள்ளியை என் கையாலேயே மூடிவிட்டேன் என்று மனசுக்குள் புலம்பிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் அதிகாரி மைக் முன்னால் வந்தார். வழக்கமான வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. அந்தக் குட்டிப் பெண்ணைக் கூப்பிட்டு, "இங்கதான் குழி இல்லையே, அப்புறம் ஏம்மா குதிச்ச?" என்று கேட்டார்.

அவள் தரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "தெர்ல சார். காலு தானா குதிச்சிச்சி" என்றாள்.

மண்டபமே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "நாளைக்குச் சாயங்காலத்துலேர்ந்து பள்ளிக்கூட ஹால்ல வகுப்பு நடக்கட்டும். பொங்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஆர்டர் காலையில வரும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கைதட்டலில் காது அடைத்தது. தலைவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். டீச்சர் மேடையிலேயே சப்பணம் போட்ட வாக்கில் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை நெல்லை இறக்கி வைத்தது போல் இருந்தது.

ஜீப் வரைக்கும் வழியனுப்பப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கேட்கவில்லை.

"இடம் நல்லா இருக்கு, பாதுகாப்பா இருக்குன்னு நீங்களே எழுதியிருந்தீங்க. சரி, அவசரமில்லன்னு ஓரமா வச்சுட்டேன். குழி இருக்குன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அந்த வாரமே ஹாலைத் திறந்து விட்டிருப்பேன். அஞ்சு மாசம் அந்தப் பிள்ளைங்க பலகைக்கு நடுவுல ஆடியிருக்காங்கம்மா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. ஜீப் போய்விட்டது.

அதுவரைக்கும் நான் பள்ளியைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். இடம் போகும், டீச்சர் போவார், சங்கம் கலையும் என்ற பயம். பலகை இன்னொரு முறை புரண்டால் என்ன ஆகும் என்று ஒரு நாள்கூட பயந்ததில்லை. அன்று வெயிலில் நின்றபோதுதான் அது உறைத்தது. செருப்பைக் கழற்றக்கூட மறந்து பந்திக் கூடத்துக்குள் போனேன்.

தலைவர் இலை போடச் சொல்லி, "ஜல்தி, ஜல்தி, பசங்க காலையிலேர்ந்து பட்டினிமா" என்று விரட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி சொன்னதை அவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். மனுவில் என்ன எழுதியிருந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் சாதக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீ எழுதன. நான் படிக்காம போட்டன்" என்றார். "சாமி காப்பாத்திச்சி, போ."

பெண்கள் மேக்கப் கலையாமல், சலங்கையோடு, ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு வந்தார்கள். எட்டுப் பேரும் நடந்து வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை, கால்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.