மேசைக்கு வராதவர்கள்

ஆஸ்பத்திரியின் திசு ஆய்வுக்கூடத்தில் அவரை மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருப்பதாகக் கேள்வி. சரிபார்க்க யாரும் மெனக்கெட்டதில்லை. சக ஊழியரின் பிறந்தநாளுக்கு கேக் வெட்டச் சொன்னால் முதலில் அளவுகோலைத் தேடுவார். பதினேழு பேருக்குப் பதினேழு துண்டு. பதினெட்டாவதாக நுழைகிறவர் மேலதிகாரியே ஆனாலும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இப்படிப்பட்டவரை ஆராய்ச்சி விடுமா? மலக்குடல் புற்றுநோய்க்கு எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில், உள்ளே இருக்கும் நீர் எவ்வளவு தாராளமாக அசைகிறது என்று அளந்து ஓர் எண் சொல்வார்கள். புற்றுச் செல்கள் முண்டியடித்து நிற்கும் இடத்தில், நெரிசல் பேருந்தில் மாட்டிய கண்டக்டரைப் போல நீர் திணறும், எண் குறையும். கதிர்வீச்சும் மருந்தும் செல்களைக் காலி செய்தபின் நீர் கைவீசி நடக்கும், எண் ஏறும். அந்த எண் உண்மை பேசுகிறதா என்பதே ஆராய்ச்சி. அறுவையில் எடுத்த குடலை, படம் எடுத்த அதே கோணத்தில், ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் வரிசையாக வெட்டி, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, திசு டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்கு அனுப்ப வேண்டும். படம் பார்க்கும் டாக்டரம்மா ஒரு பக்கம், திசு டாக்டர் மறுபக்கம், நடுவில் கத்தியோடு நம்மவர். இரண்டு சம்பந்திகளுக்கு இடையே நிற்கும் தரகருக்குக்கூட அவ்வளவு மிடுக்கு இருக்காது.

"நோய் தெரியவில்லை" என்று டாக்டரம்மா எழுதிய ஒன்பது குடல்கள் அவர் மேசைக்கு வந்தன. நான்கில் புற்றுச் செல்கள் பதுங்கியிருந்தன. ஒவ்வொரு முறையும் நடைவழி முழுக்கச் சொல்லித் தீர்த்தார். படம் பாட்டுப் பாடும், கத்திதான் சாட்சி சொல்லும் என்று ஒரு பழமொழியையே தயாரித்துப் புழக்கத்தில் விட்டார். யாரும் எடுத்தாளவில்லை, அவர் மட்டும் விடாமல் ஆண்டார்.

அவருக்கு ஒரே அக்கா. நூலகத்தில் வாசிப்பு அறையின் பொறுப்பாளர். அந்த அறையில் பேனா கீழே விழுந்தால், விழுந்த பேனாவே மன்னிப்புக் கேட்கும் என்பார்கள். முப்பது ஆண்டு அப்படி ஆண்டவளுக்குத்தான் அந்த நோய் வந்தது. கதிர்வீச்சு, மாத்திரை, காத்திருப்பு. பிறகு எடுத்த படத்தில் எண் நன்றாக ஏறியிருந்தது. கேமராக் குழாய் விட்டுப் பார்த்ததில் வடு மட்டும் தெரிந்தது. டாக்டர் தடவிப் பார்த்த விரலிலும் எதுவும் தட்டுப்படவில்லை.

அறுவை டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, மலக்குடலையும் ஆசனவாயையும் எடுத்துவிட்டு வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டுவது, ஆயுளுக்கும் அதுதான். மற்றது, கத்தி வைக்காமல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதித்துக்கொண்டே இருப்பது. முடிவு உங்களுடையது என்றார். முடிவு நம்முடையது என்று டாக்டர்கள் பெருந்தன்மையாகச் சொல்லும்போதுதான் நமக்கு இன்னொரு டாக்டர் தேவைப்படுகிறார்.

அக்கா தம்பியைக் கூப்பிட்டு விட்டாள்.

"டாக்டருங்க சொன்னது காதுல ஏறல. தினமும் வெட்டிப் பாக்கறவன் நீ. நீ சொல்லு."

"ஒன்பதுல நாலு, அக்கா. படத்தை நம்பாதே."

"பாதின்னு சொல்லேன்."

"பாதிக்குக் கொஞ்சம் கம்மி," என்றார். அந்த நேரத்திலும் கணக்கில் சலுகை கிடையாது.

அக்கா அறுவைக்குக் கையெழுத்துப் போட்டாள்.

குடல் ஃபார்மலின் டப்பாவில் வந்து சேர்ந்தது. மேலே நோயாளி எண் மட்டும். எண்ணைப் பார்த்ததும் அக்காவுடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் வெட்டுறேன், நீங்க வீட்டுக்குப் போங்க என்று உடன் வேலை செய்பவர் கெஞ்சிப் பார்த்தார். மில்லிமீட்டர் கேட்கவில்லை. வெளிப்புறத்தில் மை தடவி, ஐந்து ஐந்து மில்லிமீட்டராக வெட்டினார். இருபத்தொரு துண்டுகள், எல்லாம் ஒரே கனம்.

திசு டாக்டர் பார்த்துவிட்டு, வெறும் தழும்புதான், புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை என்றார். இன்னும் ஆழமாகச் சீவித் தருகிறேன் என்றார் மில்லிமீட்டர். சீவினார். இல்லை. மெழுகுக் கட்டி கரையும் அளவுக்கு மூன்றாம் முறையும் சீவினார். உலகத்தில் தம்பிகள் அக்காக்களுக்காக எதையெதையோ வேண்டியிருக்கிறார்கள். இவர் அக்காவின் உடம்பில் ஒரே ஒரு புற்றுச் செல் இருந்துவிடாதா என்று வேண்டினார். அந்த வேண்டுதல் பலிக்கவில்லை.

ஆராய்ச்சிப் பட்டியலில் அவரே எழுத வேண்டியிருந்தது. படம்: நோய் இல்லை. திசு: நோய் இல்லை. முடிவு: பொருந்துகிறது. குழுவினர் மகிழ்ந்து தேநீர் வரவழைத்தார்கள்.

அவர் தேநீரைத் தொடாமல் டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். ஒன்பதில் நான்கு என்ற கணக்கு எங்கே தவறியது என்று கேட்டார். டாக்டரம்மா திரையில் நோயாளிகளின் பட்டியலைத் திறந்தார்.

"விரல்லயோ குழாய்லயோ சந்தேகம் இருந்தவங்களைத்தான் பெரும்பாலும் அறுத்தோம். அவங்கதான் உங்க மேசைக்கு வந்தாங்க. அறுக்காம காத்திருக்கறவங்க இருபத்திரண்டு பேர். பதினேழு பேருக்கு இதுவரைக்கும் திரும்ப வரல. அவங்க குடல் அவங்க வயித்துலயே இருக்கு, சார். அது எப்படி உங்க கணக்குல வரும்?"

இருபத்தாறு ஆண்டுகளாக அந்த மேசைதான் உலகம் என்று நினைத்திருந்தவர், தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். பழமொழி அன்றோடு வழக்கொழிந்தது.

அறுவை டாக்டர் அக்காவிடம் எல்லாம் சுத்தம் என்றே சொல்லியிருந்தார். நோயைச் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டார்கள் என்று அவள் புரிந்துகொண்டாள். தம்பி திருத்தவில்லை.

மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். வயிற்றுத் துளைக்கு வாசிப்பு அறையின் விதிகள் தெரியாது. நினைத்தபோது சத்தம் போட்டது. அடக்க அங்கே தசை இல்லை. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் வினை. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அந்தச் சத்தத்தை மூடுவதற்காக மரியாதையாக இருமினார்கள். சிரித்திருந்தால் முறைத்துப் பார்த்து அடக்கியிருப்பாள். இருமுகிறவரை என்ன செய்வது? பதினோராம் நாள் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பின் வாசலுக்குக்கூட வருவதில்லை.

பை மாற்ற மட்டும் தம்பி வருவார். அப்படி வந்த ஒரு நாள் துண்டை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எடுத்தாங்களே, அதுல எவ்வளவு இருந்துச்சு?"

அவர் பையின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லன்னா?"

"நோய் இல்ல. மூணு தடவை சீவிப் பாத்தேன்."

அக்கா துண்டை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள், அதற்குமேல் அது மடங்கவில்லை.

"கொஞ்சூண்டு இருந்துச்சுன்னு சொல்லியிருக்கலாமேடா. நான் என்ன மைக்ராஸ்கோப் வெச்சா பாக்கப் போறேன்?"

டாக்டரம்மா சொன்ன பதினேழு பேரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினார்.

பையை ஒட்டும் தட்டில், துளையின் அளவுக்கு வட்டம் வெட்ட வேண்டும். சற்றுப் பெரிதானால் தோல் புண்ணாகும். சிறிதானால் குடலை நெரிக்கும். அளவு அட்டையை வைத்துப் பார்த்தார். இருபத்தெட்டு. கத்தரிக்கோலை எடுத்தார். பாதி வட்டம் வருவதற்குள் கோடு கோணலாகிவிட்டது.

"இன்னொண்ணு இருக்கு, இரு," என்று அக்கா எழுந்து அலமாரியைத் திறந்தாள்.