தாலிக்கு ஒரு இலக்கம்

தாலியைப் போட்டால் கவசம் கழன்றுவிடும். கவசத்தைப் போட்டால் தாலி கழன்றுவிடும். என் கணவரோடு நான் கடைசியாகப் பிடித்த சண்டை இதைப் பற்றியதுதான். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். தொடக்கத்தில் எனக்கும் வந்தது.

அவர் கனடாவில் இருந்தார். நான் புளியங்கூடலில், அம்மாவோடு. கலியாணம் முடிந்து பதினேழு நாள் மட்டும் ஒரே வீட்டில் இருந்தோம். பிறகு அவர் போய்விட்டார். என்னை அங்கே எடுப்பதற்கான கடதாசிகள் மூன்று வருடமாக யாரோ ஒருவரின் மேசையில் படுத்துக்கிடந்தன. எத்தனை நாளைக்குத்தான் தொலைபேசியில் "சாப்பிட்டியளோ, என்ன கறி" என்று கேட்பது? இருவருக்கும் அலுத்துப்போனது. ஊருக்கு வந்த ஒருவரிடம் அவர் தன் பழைய மடிக்கணினியைக் கொடுத்துவிட்டார். அதற்குள் ஒரு விளையாட்டு இருந்தது. வாள், மந்திரம், பனிமலை, பறக்கிற பெரிய பல்லிகள்.

அவர் அங்கிருந்து வருவார், நான் இங்கிருந்து போவேன். இருவரும் கதைத்துக்கொண்டே ஒரே ஊருக்குள் நடப்போம். அவர் இரவு வேலை முடித்து வீடு திரும்பும் காலை எனக்குப் பின்னேரம். எனக்கு ஊர்காவற்றுறையில் ஒரு அலுவலகத்தில் வேலை. பஸ்ஸால் இறங்கி வந்து முகம் கழுவிவிட்டுக் கணினிக்கு முன்னால் இருந்தால் இரண்டு மணித்தியாலம் எங்களுடையது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீடுகூட வாங்கினோம். அவர் கதிரையில் இருப்பார், நான் அடுப்படியில் நிற்பேன். என் கலியாண வாழ்க்கையின் பெரும்பகுதி அந்த வீட்டில்தான் நடந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த விளையாட்டில் ஆட்கள் தாங்களே கவசமும் உடுப்பும் செய்து சேர்க்கலாம். அவர் அதில் கெட்டிக்காரர். என் கூறைச் சேலையின் நிறத்தில் எனக்கு ஒரு கவசம் செய்து தந்தார். நான் சும்மா இருப்பேனா? கலியாணப் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, என் தாலிக்கொடியை அப்படியே கணினியில் செய்தேன். இரண்டு கிழமை பிடித்தது. அதை விளையாட்டுக்குள் கொண்டுபோகத் தெரியாததால், அவர் செய்த கவசத்தின் பதிவை நகலெடுத்து, உருவத்தை மட்டும் மாற்றிவிட்டேன்.

அங்கேதான் பிழை வந்தது. அந்த உலகத்தில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு இலக்கம் உண்டு. தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, கைக்கு ஒன்று. ஒரு இலக்கத்தில் ஒரு பொருள்தான் நிற்கும். கவசத்தை நகலெடுத்ததால் என் தாலியும் உடம்பின் இலக்கத்தைக் கேட்டது. முதல் நாள் சந்தை நடுவே பெருமையாகத் தாலியைப் போட்டேன். கவசம் கழன்று விழுந்தது. நான் உள்ளுடுப்போடு நின்றேன்.

"ஐயோ, சந்தைக்குள்ள என்ர மனிசி நிக்கிற நிலையைப் பாருங்கோ!" என்று அவர் அங்கே விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் நானே இலக்கத்தை மாற்றினேன். யாரும் பாவிக்காத ஒரு இலக்கமாகப் பார்த்துக் கொடுத்தேன். தாலி ஏறியது, கவசமும் கழலவில்லை. ஆனால் கவசத்தோடு சேர்த்து உடம்பே காணாமல் போய்விட்டது. ஒரு தலை, இரண்டு கை, இரண்டு பாதம், நடுவே அந்தரத்தில் தாலி. எனக்குச் சீ என்று வந்தது.

"ஞாயிற்றுக்கிழமை நான் பாத்துச் செய்து தாறன். இப்ப நித்திரை வருது. சண்டைக்குப் போற இடத்தில உமக்கு என்னத்துக்குத் தாலி?" என்றார் அவர்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "கட்டிப்போட்டுப் பதினேழு நாளில போன உங்களுக்கு அது தேவையில்லைத்தான். ஊர்ச் சனத்துக்கு மறுமொழி சொல்லுறது நானெல்லே" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் கணினியை மூடிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. "ரெண்டு இடத்தில இலக்கம் கிடக்கு. பொருளில ஒண்டு, உருவத்தில ஒண்டு. நீர் ஒண்டைத்தான் மாத்தினனீர். ரெண்டையும் மாத்தும், சரிவரும்." வாசித்தேன். கோபக்காரி அல்லவா, பதில் போடவில்லை. ஒரு நாள் காயட்டும் என்று விட்டேன்.

அந்த ஒரு நாள் முடியவில்லை. வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் பிறகு எழும்பவில்லை. அவருடைய ஒன்றுவிட்ட தம்பிதான் அழைத்துச் சொன்னார். மூன்று வருடம் கிடைக்காத விசா மூன்று நாளில் கிடைக்குமா? செத்தவீட்டைக் கைபேசியில் பார்த்தேன். முற்றத்தில் கதிரை போட்டு, அம்மாவும் பெரியம்மாவும் அயலட்டைப் பெண்களும் என்னைச் சுற்றி இருக்க, உள்ளங்கையளவு கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். நெற்றியில் திருநீறு பூசி, நான் பார்த்திராத ஒரு சேர்ட் போட்டுவிட்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மனைவி தாலியைக் கழற்றிக் கணவரின் நெஞ்சில் வைப்பது வழக்கம். நெஞ்சு அங்கே, தாலி இங்கே. அங்கே பெட்டியை மூடப்போகிறார்கள் என்றதும் பெரியம்மா தவித்துப்போனார். "இனி என்ன செய்யிறது, அதில வை பிள்ளை, அந்தப் படத்தில வை" என்றார். நானே கழற்றினேன். கைபேசியில் அவர் நெஞ்சு தெரிந்த இடத்தில் வைத்தேன். கொடி பட்டதோ என் விரல் பட்டதோ, இணைப்பு அறுந்துபோனது. திரும்ப எடுத்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள்.

பெரியம்மாவை நான் குறை சொல்லவில்லை. அப்படி ஒரு சாவுக்கு எதை எங்கே வைப்பது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கும் பொறுக்கவில்லை. அவர் முகத்தை இன்னும் ஒரு நிமிடம் பார்த்திருக்கலாம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்து வந்த சனம் போனபின், ஒரு பின்னேரம் கணினியைத் திறந்தேன். அவருடைய செய்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அன்பாக ஒரு சொல்லும் அதில் இல்லை. பொருளில் ஒன்று, உருவத்தில் ஒன்று. இரண்டு இடத்திலும் ஒரே இலக்கத்தைக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. விளையாட்டுக்குள் போய் முதலில் கவசத்தைப் போட்டேன். பிறகு தாலியைப் போட்டேன். கூறைச் சேலையின் நிறத்துக்கு மேலே கொடி அழகாகப் படிந்து கிடந்தது. எதுவும் கழலவில்லை, எதுவும் மறையவில்லை. நான் வாய்விட்டு அழுதேன்.

சத்தம் கேட்டு அம்மா தேத்தண்ணியோடு வந்தார். திரையைப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை இது?"

"நான்தான் அம்மா."

அம்மா கிட்ட வந்தார். அவருடைய கண் திரையில் நின்றவளின் கழுத்துக்குப் போனது. அங்கிருந்து என் வெறுங்கழுத்துக்கு வந்தது. அதையும் கழற்று என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மறுமொழியை நாக்கில் வைத்துக்கொண்டு சண்டைக்குத் தயாராக இருந்தேன். அம்மா தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"அப்ப அவர் எங்கை நிக்கிறார்? காட்டு பாப்பம்" என்றார்.

அவர் அங்கிருந்து திறந்தால்தான் இங்கே அவருடைய உருவம் வரும். எங்கள் வீட்டைக் காட்டினேன். சந்தைக்குள் நடந்தேன். அங்கே நின்ற ஆண்களை அம்மா ஒவ்வொருவராகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இவரோ?"

"இல்லை அம்மா."

"அங்காலை நிக்கிறவரோ?"

"இல்லை."

தேத்தண்ணி ஆறிப்போகும்வரை நானும் அம்மாவும் அந்த ஊருக்குள் அவரைத் தேடினோம்.