முதலில் பச்சைத் தண்ணீர்

நம் ஊரைப் பக்கத்து மாநிலத்தோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று தை மாதத்தில் கடையெல்லாம் அடைத்தார்களே, அந்த வருஷம். அதே வருஷம் ஆனியில், ஸ்கைலாப் என்று வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த பெரிய இயந்திரம் ஒன்று யார் தலையில் விழுமோ என்று ஆளாளுக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மைமூன் அக்கா எங்கள் நூல் ஆலைக்கு வேலைக்கு வந்தார். எனக்கு எழுத்து தெரியாது. வருஷத்தை எண்ணால் சொல்லிப் பழக்கமில்லை. அப்போது கூட என்ன நடந்தது என்று சொல்வேன். தெரிந்தவர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

அவர் போய்விட்ட செய்தி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவருடைய மகன் யூசுப் போனில் கூப்பிட்டார். "அம்மா மௌத்தாயிட்டாங்க மாமா. சுபுஹு தொழுதுட்டுப் படுத்தாங்க, எழுந்திருக்கல" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பால் பையை வீட்டில் கொடுத்துவிட்டு உழவர்கரையிலிருந்து பஸ் பிடித்து முல்லா வீதிக்குப் போனேன்.

உள்ளே பெண்கள் அக்காவின் மையத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் தெருவில் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். சாக்கடைப் பக்கம் தண்ணீர் ஓடிவரும் சத்தம் மட்டும் கேட்டது. குளிப்பாட்டிய பெண்களில் ஒருவர் கதவு வரைக்கும் வந்து யூசுப்பிடம் ஏதோ கேட்டுவிட்டு உள்ளே போனார். யூசுப் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அம்மாவின் இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இவ்வளவு பெரிய தழும்பு எப்படி வந்தது என்று கேட்கிறார்களாம்.

"மில்லுல தன்னோட அஜாக்கிரதையில சுடுதண்ணி பட்டுச்சுன்னுதான் அம்மா சொல்வாங்க. நீங்க அங்கதானே மாமா இருந்தீங்க?"

இருந்தேன் என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. பள்ளிவாசலுக்குத் தூக்கும் நேரமாகிவிட்டது.

அவரைத் தெரிந்தவர்கள் நாளைக்குக் கூடுகிறீர்கள், நானும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று யூசுப் கேட்டுக்கொண்டார். நின்று பேச எனக்கு மூச்சு பற்றாது. அதனால் நான் சொல்லச் சொல்ல யூசுப்பின் மகள் எழுதுகிறாள்.

ஆலையில் நூல் சுற்றும் பிரிவில், வைண்டிங் என்போம், பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களுடைய பால்குடிப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு கொட்டகை இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கிரெஷ் என்று பெயர் வைத்தான். அவன் போனபிறகும் அந்தப் பெயர் போகவில்லை. மைமூன் அக்கா அதற்குத்தான் வந்தார். கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கொட்டகையில் பதினோரு பிள்ளைகள். நான் பாய்லரில் உதவியாள். நெருப்பைப் பார்ப்பது, வால்வு திறப்பது, மூடுவது என் வேலை.

அவர் வருவதற்கு முன்பு பிள்ளைகளுக்குச் சுடுதண்ணீர் விறகு அடுப்பில் காய்ந்தது. அடுப்பு கொட்டகைக்குள்ளேயே இருந்தது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமும். அக்கா வந்த அன்றே அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு நேராகப் பாய்லர் பக்கம் வந்தார். கூரைக்கு மேல் புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்த நீராவியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"அது எங்க போவுது?"

"எங்கயும் போவல. சும்மா போவுது" என்றேன்.

"சும்மா போறத எம் பிள்ளைங்களுக்குக் குடு."

இது ஆலையில் குழாய் வேலை பார்க்கும் பிட்டர் லூர்துவின் காதில் விழுந்தது. லூர்துவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் லூர்து வேலை செய்யும்போது பாதி பிரெஞ்சு பேசுவார். பழைய செம்புக் குழாய் ஒன்றைச் சுருளாக வளைத்து, மூடி போட்ட ஒரு பீப்பாய்க்குள் இறக்கினார். வீணாகப் போகும் ஆவி சுருளுக்குள் ஓடும். சுருளைச் சுற்றிப் பீப்பாயில் இருக்கும் கிணற்றுத் தண்ணீர் ஆவியைத் தொடாமலே சூடாகும். விறகு வேண்டாம், புகை வேண்டாம். பீப்பாயிலிருந்து ஒரு குழாய், குழாயில் ஒரு ரப்பர் டியூப். ஆவியைத் திறக்கும் வால்வு மட்டும் என் பக்கம் இருந்தது. கால் சுற்றுக்கு மேல் திறக்கக்கூடாது என்று லூர்து என் கையைப் பிடித்துக் காட்டினார். "தூஸ்மான், தூஸ்மான்" என்பார், மெதுவாக என்று அர்த்தம். "அதுக்கு மேல போனா பிள்ளைங்கள அவிச்சிடுவடா ஏழுமலை" என்று தமிழிலும் சொன்னார்.

அக்கா குளிப்பாட்டுவதைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். தொட்டியில் முதலில் பச்சைத் தண்ணீர். அதன் மேல்தான் சுடுதண்ணீர். இதை ஒருநாளும் மாற்றியதில்லை. கலந்து முடியும் வரைக்கும் பிள்ளை ஒரு முழம் தள்ளிப் பாயில் இருக்க வேண்டும். பிறகு முழங்கையைத் தண்ணீரில் வைப்பார். உள்ளங்கையால் பார்த்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன். "வேலை செஞ்ச கை பொய் சொல்லும் ஏழுமலை. முழங்கைக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார். பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது ஒரு கை பிள்ளை மேல் இருக்கும். மானேஜரே வாசலில் வந்து நின்றாலும் அந்தக் கை வராது. குளித்து முடித்த உடனே தொட்டியைக் கவிழ்த்துவிடுவார். தவழுகிற பிள்ளை இருக்கும் இடத்தில் நாலு விரல்கடை தண்ணீர்கூட நிற்கக்கூடாது.

தேய்க்கப் பச்சைப்பயறு மாவு, பழைய வேட்டித் துணியில் சலித்தது. ஒருமுறை ஆபீசிலிருந்து ஒரு பெட்டி சோப்பு அனுப்பினார்கள். தரை கழுவுகிற சோப்பு வாசனை அதில் அடித்தது. அக்கா திருப்பி அனுப்பிவிட்டார். குளித்த தண்ணீர் கொட்டகைக்குப் பின்னால் கீரைப் பாத்திக்குப் போகும். அந்தக் கீரைதான் மதியம் பிள்ளைகளுக்குச் சோற்றில் பிசைவது. "இது திரும்பப் பிள்ளைங்க வயித்துக்குத்தான் வரும்னு போய்ச் சொல்லு" என்று சோப்பு கொண்டுவந்தவரிடம் சொன்னார்.

வைண்டிங்கில் அஞ்சலை என்று ஒரு பெண். எங்கள் தெருக்காரி. ஒன்பது மாதப் பெண் குழந்தை அவளுக்கு. குளித்ததும் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும், அப்போதுதான் சளி பிடிக்காது என்று அக்காவிடம் சண்டைக்குப் போனாள்.

"மூக்குக்கு மூச்சு வுடத்தான் தெரியும் அஞ்சல. எண்ணெ குடிக்கத் தெரியாது" என்றார் அக்கா.

அஞ்சலை சிரித்துவிட்டாள். "உங்ககிட்ட வாய் குடுக்க முடியாதுக்கா" என்று பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் நல்ல சிநேகம். அஞ்சலை வீட்டு முருங்கைக்காய் முல்லா வீதிக்குப் போகும். பெருநாள் பிரியாணி எங்கள் தெருவுக்கு வரும்.

இப்போது தழும்பு.

ஆனிக் கடைசி. இன்றைக்குத்தான் ஸ்கைலாப் விழப்போகிறது என்று ரேடியோவில் சொன்ன நாள். காலையில் பாய்லரை மூட்டி ஆவி வந்ததும் கிரெஷ் வால்வைத் திறந்தேன். அந்த நேரத்தில் வெளியே யாரோ "அதோ, அதோ" என்று கத்தினார்கள். கால் சுற்றில் நிறுத்த வேண்டிய கை முழுச் சுற்றும் சுற்றிவிட்டது. சுற்றியது எனக்குத் தெரியும். திரும்பி வந்து சரி செய்துகொள்ளலாம் என்று முற்றத்துக்கு ஓடினேன். அங்கே முப்பது நாற்பது பேர் கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். வானத்தில் ஒரு பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. பருந்துதான் அது என்று தெரிந்த பிறகும் நான் நின்று பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. இரண்டு பீடி குடிக்கும் நேரம் இருக்கும்.

குழந்தை அலறும் சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். முதலில் வால்வை மூடினேன், பிறகு கிரெஷுக்கு ஓடினேன். மற்றப் பிள்ளைகள் பக்கத்து அறையில் தொட்டிலில் இருந்தார்கள். குளிக்கும் அறையில் அக்காவும் அஞ்சலையின் குழந்தையும் மட்டும். அக்கா வழக்கம்போல் தொட்டியில் பச்சைத் தண்ணீர் நிரப்பிவிட்டுச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்திருக்கிறார். உள்ளே கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் ஆவியோடு சேர்ந்து சீறி, டியூபைப் பிடுங்கிக்கொண்டு, பாயில் உட்கார்ந்திருந்த குழந்தை வரைக்கும் பாய்ந்திருக்கிறது. அக்கா இடது கையைக் குறுக்கே நீட்டிக் குழந்தையை மறைத்துவிட்டார். ஒரு குதிகால் மட்டும் வெளியே இருந்தது.

நான் போகும்போது குழந்தையின் காலைத் தொட்டியில் இருந்த பச்சைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தார். தன் கையை அவர் பார்க்கவே இல்லை. ஆபீசிலிருந்து யாரோ பேனா மையைக் கொண்டு ஓடிவந்தார்கள். அப்போதெல்லாம் சுட்ட இடத்தில் மை ஊற்றுவார்கள். "மையும் வேணாம், மாவும் வேணாம். பச்சத்தண்ணி கொண்டா" என்றார். அந்தத் தண்ணீர் முன்னாடியே தொட்டியில் இருந்ததால்தான் குழந்தைக்குக் குதிகாலில் ஒரு பொட்டு அளவுத் தழும்போடு போயிற்று என்று பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அக்காவின் கைக்குத் தண்ணீர் கிடைக்க நேரமாகிவிட்டது.

மூன்றாம் நாள் ஆபீசில் விசாரணை. கையில் கட்டோடு வந்தார். முந்தின சாயங்காலமே நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன்.

"நான்தான்க்கா. வால்வ தொறந்துபோட்டு வானத்தப் பாக்கப் போயிட்டேன். நாளைக்குச் சொல்லிடறேன்."

"வுழுந்துச்சா?" என்று கேட்டார்.

"எது அக்கா?"

"அதான், வானத்துலருந்து."

"இல்லக்கா."

"அப்ப சும்மா இரு. நீ சொன்னா உன்ன மட்டுமா தூக்குவாங்க? குழாயயும் வெட்டிப்புடுவாங்க. திரும்ப அடுப்பு, திரும்ப பொகை. என் பேருதானே கெடுது. வுடு."

அஞ்சலையிடமாவது சொல்லட்டுமா என்று கேட்டேன். அஞ்சலைக்குச் சொன்னால் மத்தியானத்துக்குள் வைண்டிங் பூராவும் தெரியும் என்றார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். "நாளையிலருந்து நீ வந்து முழங்கைய வெச்சுப் பாரு. நீ பாத்த பின்னாடிதான் பிள்ள எறங்கும்."

விசாரணையில், தண்ணீரைப் பார்க்காமல் குழாயைத் திறந்தது தன் தப்பு என்று அக்கா சொன்னார். எழுதிக்கொண்டார்கள். குழாயை எடுத்துவிடலாமா என்று மானேஜர் கேட்டதற்கு, குழாய் என்ன செய்யும், கைதான் தப்பு செய்தது என்றார். லூர்து என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த கரித்துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லூர்துவுக்கு எல்லாம் தெரியும். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எழுதுகிறவள் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். எழுதும்மா என்றேன்.

அஞ்சலை அதற்குப் பிறகு பிள்ளையைக் கிரெஷில் விடவில்லை. அக்காவோடு பேச்சு நின்றது. முருங்கைக்காய் நின்றது. தெருவில் யாராவது மைமூன் பீவி என்று சொன்னால், "எம் பிள்ள காலச் சுட்டவ பேர என் காதுல போடாதீங்க" என்பாள். நான் நாலு வீடு தள்ளி இருந்தேன். எனக்குக் கேட்கும்.

மறுநாளிலிருந்து நான் தினமும் கிரெஷுக்குப் போய் முழங்கையை வைத்துப் பார்த்தேன். அக்கா பக்கத்தில் நிற்பார். சரியா என்று கேட்க மாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். ஒருநாள்கூடத் தவறியதில்லை. குழாயும் ஒருநாள்கூடத் தகராறு செய்ததில்லை. எத்தனை பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் குளித்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். உங்களில் சிலர் அந்தப் பிள்ளைகள்.

சுனாமிக்கு முந்தின வருஷம் ஆலையை மூடினார்கள். கடைசி நாள் நான் நெருப்பை வாரிக் கொட்டிவிட்டு அக்காவிடம் போய், "இப்ப சொல்லிடட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"பாய்லரும் போச்சு, குழாயும் போச்சு. இனிமே உன் இஷ்டம் ஏழுமலை" என்றார்.

அதற்குப் பிறகு நான் சொல்லாததற்குக் காரணம் எதுவும் கிடையாது. வேலை போகாது, குழாய் போகாது. அஞ்சலை தினமும் என் வாசல் வழியாகத்தான் ரேஷன் கடைக்குப் போவாள். "இன்னாண்ணே, சாப்ட்டாச்சா?" என்பாள். ஆச்சும்மா என்பேன். சொல்லவில்லை. அக்காவும் என்னை ஒருநாளும் கேட்கவில்லை.

போன வருஷம் அஞ்சலையின் மகளை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அவளுக்கே இப்போது பேரன் இருக்கிறான். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தன் மகளிடம், "அந்தக் கிரெஷ்காரி மாதிரி அஜாக்கிரதையா ஊத்திடாத" என்று சொல்வாளாம். அம்மா சொல்லிக்கொடுத்த பாடம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத் தெரிந்தவர்களுக்குள் தண்ணீர் விஷயத்தில் மைமூன் அக்காவைப் போல் ஜாக்கிரதையான ஆள் கிடையாது. அவர் பெயர் ஒரு வீட்டில் இப்படி வழங்குகிறது. அன்றைக்கும் நான் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரே ஒரு பழக்கம். கொள்ளுப் பேத்திக்கு எட்டு மாதம். இன்று காலையிலும் தொட்டியில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றச் சொல்லி, முழங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை இறக்க விட்டேன். வீட்டில் இதற்குச் சலித்துக்கொள்வார்கள்.

'தானே' புயல் அடித்த மாதம் லூர்து போனார். மானேஜர் அதற்கும் முன்னால். அஞ்சலையைக் கொரோனா கொண்டுபோயிற்று. இப்போது அக்கா. என்னை விட்டால், அன்றைக்கு அந்தக் குளிக்கும் அறையில் இருந்தவர்களில் மிச்சம் ஒருத்திதான். உங்களுக்கு வாசிப்பதற்கு முன்னால் இதை அவளிடம் வாசித்துக் காட்ட வேண்டும், நானும் கூட வருகிறேன் என்று யூசுப்பின் மகளிடம் சொல்லியிருக்கிறேன். கருவடிக்குப்பத்தில் இருக்கிறாள். இடது குதிகாலில் பொட்டு அளவு தழும்பு இருக்கும். பெயர் தமிழரசி.