ஆற விடாத ஓட்டம்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளை எல்லோரும் ஓட்டக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அடுத்தவர் வீட்டு நாய்களை ஓட்டத்துக்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவது அவள் பிழைப்பு. நாற்பதைத் தாண்டிய பெண்மணி கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு நாய்க்குச் சமமாக ஓடுவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களே பிறகு தங்கள் நாயையும் அவள் கையில் கொடுத்தார்கள்.

காரணம், அவள் எடுத்த எடுப்பில் எந்த நாயையும் ஓடவிட மாட்டாள். முதலில் சோம்பலாக ஒரு நடை. மோப்பம் பிடிக்க விடுவாள். சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வைப்பாள். பிறகு துள்ளுநடை. அதற்கு அவள் வைத்த பெயர் 'உடம்பை எழுப்புறது'. ஓடி முடித்ததும் அப்படியே கொண்டுபோய்க் கட்டவும் மாட்டாள். நாக்கு உள்ளே போய் மூச்சு சீராகும்வரை மெல்ல நடத்துவாள், தொடையைத் தடவிப் பார்ப்பாள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவாள். அது 'ஆற விடுறது'.

"தூங்கி எழுந்த மனுஷனே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுதான் நடக்கிறான். நாய் உடம்பு மட்டும் என்ன இரும்பா?" என்பாள்.

இது முதலில் புரிந்தது மூன்றாம் மாடியில் தனியாக இருந்த கப்பல் மெக்கானிக்குக்குத்தான். சூடான இன்ஜினைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, முட்டிவலியும் மேஸ்திரியுமே அவருக்குத் துணை. மேஸ்திரி என்பது நாய். நெடிய கால்கள், வயது சற்று ஏறிய உடம்பு. போகிற வருகிறவர்களையெல்லாம் ஜன்னலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்ததால் வந்த பட்டம்.

அந்தச் சமயத்தில்தான் ஓட்டக்காரம்மாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அம்மா பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், கஞ்சி போட்ட புடவை கலையாதவர். "நீங்க என்ன பண்றீங்க?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். இவள் வாயில் தானாக வந்து விழுந்தது: "மிருக ஆஸ்பத்திரியில வேலை." பொய் சொல்லச் சொல்லி மகள் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒருநாள் மாலை, மேஸ்திரியோடு ஒரே மூச்சில் ஓடி முடித்து, வழக்கமான ஆறும் நடைக்குத் திரும்பினாள். தெருமுனை பேக்கரி வாசலில் சம்பந்தியம்மா நின்றிருந்தார். இவள் கோலமோ கண்கொண்டு பார்க்கும்படி இல்லை. தலை கலைந்து, முழங்கைவரை நாயின் எச்சில். உடம்பு கூசிப்போனது. சந்துக்குள் திரும்பினாள். மூச்சிரைத்துக்கொண்டிருந்த நாயை லிஃப்டில் இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போய், கிண்ணம் நிறையத் தண்ணீரை வைத்தாள். குளியலறையில் இருந்த மெக்கானிக்குக்கு "விட்டுட்டேன் ஐயா" என்று குரல் மட்டும் கொடுத்துவிட்டு, அவர் வெளியே வருமுன் இறங்கிவிட்டாள். குளிர்ந்த தரையில் அந்தச் சூடான உடம்பு பொத்தென்று விழுந்த சத்தம் படிவரை துரத்தி வந்தது.

மறுநாள் மேஸ்திரியால் எழ முடியவில்லை. பின்னங்கால் நடுங்க, பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தது. ஆனாலும் இவளைக் கண்டதும் வாலை ஆட்டியது.

"நேத்து நல்லா ஆற விட்டீங்கல்லம்மா?" என்று கேட்டார் மெக்கானிக். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை.

"விட்டேனே."

"அப்போ தப்பு என் மேலதான். தரையில ஒரு விரிப்புகூடப் போடல பாருங்க."

வந்து பார்த்த டாக்டர், தசை இறுகியிருக்கிறது, கிழியவில்லை, ஓய்வு கொடுத்துவிட்டு மெல்ல நடக்கப் பழக்குங்கள் என்றார். மெக்கானிக்கின் மனம் ஆறவில்லை. மகனுக்கு ஃபோன் போட்டார். நாயை உன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடு, என்னால் ஒரு ஜீவனைக்கூட ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று அவர் தழுதழுத்ததை ஓட்டக்காரம்மா கதவோரம் நின்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கார் வருவதாக முடிவாயிற்று.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மேஸ்திரி விஷயம் தெரியாத கணவன், "என்ன, ஆஸ்பத்திரியில இன்னிக்கு ஆபரேஷன் அதிகமா?" என்று சீண்டினான். வழக்கமாகச் சிரிப்பவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். தன் தொழிலுக்கு வெட்கப்பட்டது போய், அப்படி வெட்கப்பட்டதற்கு இப்போது வெட்கமாக இருந்தது. இரண்டாவது வெட்கம்தான் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள் படியேறினாள். மெக்கானிக் நாயின் போர்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அன்னிக்கு நான் ஆற விடல. தெரிஞ்சவங்க நின்னாங்க. நாயோட பாத்துடுவாங்களேன்னு நேரா கொண்டாந்து போட்டுட்டுப் போயிட்டேன். நீங்க கேட்டப்போ பொய் சொன்னேன். மேஸ்திரியை அனுப்பாதீங்க. என்னை அனுப்பிடுங்க."

அவர் பையிலிருந்து போர்வையை எடுத்து மறுபடி தரையில் விரித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"இனி நீங்க சொல்றதை அப்படியே நம்ப என்னால முடியாதும்மா. ஓட என்னால ஆகாது. மெதுவா நடக்கலாம். ஆற விடுற நேரத்துக்குத் தினம் நானும் கூட வர்றேன். கண்ணால பாக்கணும்."

அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் அவள் நாயின் தோல்வாரை எடுத்தாள். மகனுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் கைத்தடியோடு இறங்கினார். நடுவில் மேஸ்திரி, காலை எண்ணி எண்ணி வைத்தது.

அன்றும் பேக்கரி வாசலில் சம்பந்தியம்மா. ஓட்டக்காரம்மாவின் கண் ஒருகணம் சந்தைத் தேடியது. கால் போகவில்லை.

"அன்னிக்கும் நீங்கதானே?" என்றார் சம்பந்தியம்மா. "என்னைப் பாத்ததும் திரும்பிட்டீங்க. எங்க மேல ஏதோ வருத்தம்போலன்னு மகன்கிட்டகூடச் சொல்லி அழுதுட்டேன்."

"வருத்தம் இல்ல சம்பந்தியம்மா. வெட்கம். ஆஸ்பத்திரின்னு சொன்னது பொய். இதுதான் என் வேலை."

சம்பந்தியம்மா வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து கைத்தடி தரையில் தட்டியது.

"நிக்காதீங்கம்மா. மேஸ்திரி கால் இறுகிடும்."

பதிலுக்குக் காத்திருக்க வழியில்லை. தலை கலைந்தபடியே, முதுகில் அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு, நாயின் வேகத்தில் அவள் மெல்ல நடந்தாள்.