பிரிட்ஜுக்குள் வைத்த கைத்துவக்கு

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மெல்பேர்னில், நோபல் பார்க்கில் குடியிருந்தோம். அந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். அவற்றுக்குள் துவக்குச் சுடுகிற பெண் ஒருத்திதான் இருந்தாள். அவள் என் மனைவி.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து வேலை செய்கிறவள். கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தன்னுடைய துப்பாக்கிக் கழகத்துக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன். உண்மையில் சிரிக்கத்தான் போனேன். இவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரவல் பிஸ்டலை ஒரு கையால் நீட்டிப் பிடித்தாள். அதன் பிறகு அவளிடத்தில் எதுவுமே அசையவில்லை. மூச்சு விடுகிறாளா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குண்டுகள் போய் இலக்கு அட்டையின் நடுவில் விழுந்தன. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இப்படி ஒரு ஆளுடன் குடித்தனம் நடத்துகிறேன் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

இரண்டு வருடத்தில் மாநிலப் பெண்கள் அணிக்கான தேர்வுப் போட்டிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அவளுடையது சின்னக் கை. கடையில் விற்கிற பிஸ்டல் எதுவும் அந்தக் கைக்குள் அடங்காது. ஆகவே டண்டினோங்கில் பட்டறை வைத்திருந்த ஒரு துப்பாக்கிச் செய்நரிடம் சொல்லிச் செய்வித்தோம். மனிதர் களிமண் உருண்டையைப் பிடிக்கச் சொல்லி அவளுடைய கையை அச்செடுத்தார். பிறகு அந்த அச்சுக்கு மரத்தைச் செதுக்கி, இரும்பை அரத்தால் ராவி, மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தார். வந்த பொருளைப் பார்த்து நான் அதிசயித்துப்போனேன். ஒரு வருட உத்தரவாதமும் கொடுத்தார்.

குளிர்காலம் வந்தது, கூடவே கோளாறும் வந்தது. இந்த வகைத் துவக்கில் ஒவ்வொரு வெடிக்கும் மேலே இருக்கிற இரும்புப் பாகம் பின்னால் சறுக்கி, வெற்றுத் தோட்டாவைத் துப்பிவிட்டு, அடுத்ததை ஏற்றிக்கொண்டு முன்னால் வரும். இவளுடையதில் அது பாதி வழியில் நின்றுவிடும். வெற்றுத் தோட்டா வெளியேறும் வாசலில் சிக்கிக்கொண்டு நிற்கும். போட்டியில் அப்படி நின்றால் அந்தச் சுற்று போனதுதான்.

பட்டறைக்குக் கொண்டுபோனோம். பின்பக்கத்தில் மணல் நிரப்பிய பெட்டிக்குள் செய்நர் சுட்டுப் பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை. அவளிடம் கொடுத்தார். அவள் சுட்டபோதும் சிக்கவில்லை. நான் அசடு வழிய நின்றேன்.

மனிதர் மரியாதையாகத்தான் சொன்னார். சுடும்போது மணிக்கட்டுத் தளர்ந்தால் அந்தப் பாகம் முழுதாகப் பின்னால் போகாது. இங்கே செய்நர் பார்த்துக்கொண்டு நிற்பதால் இறுக்கிப் பிடிக்கிறாள், போட்டி என்று வரும்போது இவளை அறியாமலே கை தளர்கிறது. உத்தரவாதம் துவக்குக்குத்தான், கைக்கு இல்லை என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மேசையில் தட்டி, எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் அவர் தலையில் கொட்டினேன். அவர் அசையவில்லை. அந்த வாதத்தை எங்கே பிடித்து உடைப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. அவளோ தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் குசினியில் பருப்பு வேகும் நேரமெல்லாம், நிரம்பிய பால் போத்தலை ஒரு கையால் நீட்டிப் பிடித்தபடி நின்றாள். மணிக்கட்டுக்குப் பலம் வரவேண்டுமாம். அடுத்த ஞாயிறும் துவக்கு சிக்கியது. பேச்சுக் குறைந்தது. தேர்வுக்குப் போகாமல் விட்டால் என்ன என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். அவள் கையை அவளே நம்பாமல் போய்விட்டால் பிறகு அணியும் இல்லை, ஒன்றும் இல்லை என்று எனக்குப் பட்டது.

ஒரு காலை தலைவாரி இழுக்க உட்கார்ந்தவள் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தாள். மெல்பேர்ன் குளிரில் அது வெள்ளைக் கட்டியாகத்தான் இருக்கும்; ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து உருக்கித்தான் தலையில் வைப்பாள். அன்று உருக்கப் போகவில்லை. கவிழ்த்த போத்தலைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்த மனிசன் துவக்குக்குள்ள என்ன பூசினவர்?"

"எண்ணெய்தானே பூசுறவை."

"எண்ணெயில்லை, கிறீஸ். நான் துடைக்கேக்க பாத்தனான், தடிப்பாக் கிடந்தது. அவற்ற பட்டறையில நாள் முழுக்க ஹீற்றர் எரியுது. எங்கட கழக மைதானத்தில காலமை எவ்வளவு குளிர்? மத்தியானத்துக்குப் பிறகு எனக்கு ஒருநாளும் சிக்கினதில்லை, யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்துப் பார்த்தேன். ஓம், ஒருநாளும் சிக்கியதில்லை.

"அப்ப அந்தக் கிறீசை வழிச்செறிஞ்சுபோட்டு நல்ல எண்ணெய் விடுவம்," என்றேன்.

"வேண்டாம். நாங்கள் கழட்டினா உத்தரவாதம் போச்செண்டுவார். அது அவற்ற கையில சிக்கவேணும்."

வெகு நிதானமாகச் சொன்னாள். தோட்டா இல்லாத வெறும் துவக்கைப் பொலித்தீன் பையில் சுற்றி, பிரிட்ஜுக்குள் தயிர்ச் சட்டிக்கும் மிச்சச் சொதிக்கும் நடுவில் வைத்தாள். மறுநாள் அதைப் பிக்னிக் பெட்டியில் ஐஸ்கட்டிக்கு மேலே வைத்துக்கொண்டு டண்டினோங்குக்குப் போனோம்.

செய்நர் பெட்டியைத் திறந்து பார்த்து, மீன் கொண்டுவந்தீர்களோ என்று கேட்டார். சிரிப்பை அடக்குவது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. அவள், தயவுசெய்து சூடேறுவதற்கு முன் சுட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். அவருடைய கை என் தொடையளவு இருக்கும். முதல் வெடி போனது. துவக்கு பாதியில் நின்றது. சரிசெய்து மறுபடி சுட்டார். மறுபடியும் நின்றது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துச் சுட்டார். அதே கதைதான். இப்போது யாருடைய மணிக்கட்டு என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். அவள் என் காலை மிதித்தாள்.

மனிதர் துவக்கைக் கழற்றி, விரலால் கிறீசைத் தொட்டுப் பார்த்தார். கட்டியாக ஒட்டி வந்தது. முழுவதையும் துடைத்து, மெல்லிய எண்ணெய் விட்டு, தானே அதை ஐசின் மேல் வைத்து மூடினார். கொஞ்ச நேரம் போனபின் எடுத்து, தான் சுடாமல் அவளிடம் நீட்டினார். அவள் கையை உயர்த்தினாள். கழகத்தில் முதல்நாள் பார்த்த அதே அசைவின்மை. வெடிகள் ஒன்றுக்குப்பின் ஒன்றாகச் சுத்தமாகப் போயின. பிழை தன்னுடையதுதான் என்றும், உத்தரவாதம் இன்றிலிருந்து புதிதாகத் தொடங்கட்டும் என்றும் சொன்னார். அவர் பேரில் எனக்கிருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

தேர்வில் அவள் தெரிவானது பிறகு நடந்த கதை. எனக்கு மறக்காமல் இருப்பது அன்று வீட்டுக்குத் திரும்பிய வழிதான். நான் வெற்றிக் களிப்பில் தொணதொணவென்று பேசிக்கொண்டே கார் ஓட்டினேன். பாதி வழியில் அவள் வலது கையை மடியில் வைத்து இடது கையால் பொத்திக்கொண்டாள்.

"என்ர கையிலதான் பிழையெண்டு நான் நம்பிப்போட்டன்," என்றாள்.

"ஏன் நீர் என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்களும் நம்பிப்போடுவீங்கள் எண்டு பயந்தனான்."