கொண்டைக்கு இரண்டு விரல் இடம்

எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் ஒரு வெளிர்நீல ஹெல்மெட் இருக்கிறது. பினாங்கின் பாயான் பாருவில் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தபோது சாமான்களோடு சாமானாக அதுவும் வந்தது. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் நுரைக்கும் வயதாகும், சில வருஷத்தில் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் நான். இதை மட்டும் தூக்கிப் போட மனசு வரவில்லை. "இதுல கருவேப்பில நட்டு வெச்சா என்ன?" என்று மாதம் ஒருமுறையாவது என் மனைவி கேட்பாள். காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன். காதை மறைக்கும் ஹெல்மெட்டுகளோடு காலம் தள்ளியவனுக்கு அது பெரிய சிரமமில்லை.

நான் ஹெல்மெட் வடிவமைப்பாளனாக இருந்தவன். சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருக்கிறது. தொழிற்பேட்டையின் ஓரத்தில் ஒரு சின்னக் கம்பெனி; அதன் மாடியில் மின்விசிறி ஆடி ஆடிச் சுற்றும் ஓர் அறை. அதில் வடிவம் வரைய நான், நுரை வார்க்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் அண்ணன், உள்ளே வைக்கும் துணி மெத்தைகளைத் தைக்க ஓர் அக்கா. எங்கள் மூவருக்கும் மேலே மேனேஜர், ஒரு சீனப் பெண்மணி. நாங்கள் 'மேடம்' என்போம். அவர் பேசும்போது பாதி மலாய், பாதி ஆங்கிலம், கோபம் வந்தால் முழுக்க ஹொக்கியன் சீனம்.

என் படிப்பைப் பார்த்து வேலை கொடுத்தார்கள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. சோதனைக்கென்று எங்களிடம் ஒரு உலோகத் தலை இருந்தது, மீடியம் அளவு. நேர்காணலில் மேடம் டேப்பை எடுத்து என் மண்டையைச் சுற்றி அளந்தார். உலோகத் தலைக்கும் என் தலைக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. அன்றிலிருந்து எந்த மாதிரி ஹெல்மெட் வந்தாலும் முதலில் என் தலையில்தான் ஏறும். "உள்ள என்ன இருக்குங்கிறது முக்கியமில்ல தம்பி, வெளிச்சுத்து சரியா இருக்கு" என்று அண்ணன் பாராட்டுவார்.

அப்போது நானும் மனைவியும் டத்தோ கிராமாட்டில் வாடகைக்கு இருந்தோம். தினமும் காலையில் என் சின்ன மோட்டார்சைக்கிளில் இரண்டு பேரும் பாயான் பாரு வரை போவோம். அவளுக்கு அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கிளார்க் வேலை. இடுப்பு வரை தொங்கும் முடியை உச்சிக்குப் பின்னால் பெரிய கொண்டையாகப் போட்டுக்கொள்வாள். வெள்ளிக்கிழமை என்றால் மல்லிகைச் சரம் வேறு. அதன் மேல் ஹெல்மெட் எப்படி உட்காரும்? பானை மேல் சின்ன மூடி மாதிரி முன்பக்கமாகச் சரிந்து நிற்கும். ஸ்ட்ராப்பை இழுத்து மாட்டினால் கொண்டை நசுங்கும், தாடை வலிக்கும். அதனால் மாட்டமாட்டாள். தூரத்தில் போலீஸ் நிற்பது தெரிந்தால் மட்டும் கையை விட்டு அவசரமாக மாட்டுவாள், தாண்டியதும் கழற்றிவிடுவாள். பினாங்கில் பாதிப் பேர் அப்படித்தான் ஹெல்மெட் போட்டார்கள், அவர்களில் ஒருத்தி ஹெல்மெட் செய்கிறவனின் மனைவி.

ஒருநாள் காலை ஒரு பஸ் எங்களை உரசுகிற மாதிரி முந்திப் போனது. அந்தக் காற்றுக்கு அவள் ஹெல்மெட் பறந்து விழுந்தது. நான் ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்ப்பதற்குள் பின்னால் வந்த லாரி அதன் மேல் ஏறிவிட்டது. அப்பளம் நொறுங்கும் சத்தம்.

"நல்ல வேள, தல அதுக்குள்ள இல்ல" என்று அவள் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். எதற்கும் சிரிப்பது என் வழக்கம். ஆனால் அன்று மத்தியானம் கேண்டீனில் சோறு இறங்கவில்லை. ஸ்ட்ராப் மாட்டாத ஹெல்மெட், விழுகிறபோது தலைக்கு முன்னால் கிளம்பிப் போய்விடும் என்பது மற்ற எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். விழுவது ஹெல்மெட் மட்டுமாக இருந்தது அன்றைய அதிர்ஷ்டம். சாயங்காலம் வீட்டில் சொன்னேன்:

"நீ ஸ்ட்ராப்பு மாட்டிக்கிற மாதிரி ஒன்னு செஞ்சு தர்றேன்."

"கொண்டய நசுக்காதுன்னா மாட்டுறேன். போலீஸ் இல்லாட்டியும் மாட்டுறேன். போதுமா?"

மேடத்திடம் போய் நின்றேன். கொண்டை போடும் பெண்களுக்கென்று ஒரு ஹெல்மெட். அவர் தன் கிராப்புத் தலையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, இடிச் சோதனையில் தேற வேண்டும். இரண்டு, பன்னிரண்டு பெண்கள் ஒருநாள் முழுக்கப் போட்டுப் பார்த்து நல்லது என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உற்பத்திக்கு அச்சு வெட்டமாட்டார். கதை அதோடு முடிந்தது.

நான் செய்த முதல் காரியம், ஒரு மேதை செய்வது. பின்பக்க நுரையைக் குடைந்து கொண்டைக்குக் குழி வெட்டினேன். மீன் பெட்டி செய்கிற அதே வெள்ளை நுரைதான், இன்னும் கெட்டியாக இருக்கும். அடி விழும்போது மேல் ஓடு அதைப் பரப்பிக் கொடுக்கும். நுரை நசுங்கி நசுங்கி அடியைத் தின்னும். தேங்காய் மட்டையோடு மரத்திலிருந்து விழுந்தால் உடைவதில்லை. மட்டையை உரித்துவிட்டு ரோட்டில் வீசினால், தைப்பூசத்தன்று ரதத்துக்கு முன்னால் பார்க்கிறோமே, அதுதான் நடக்கும். நான் என்ன செய்தேன்? கொண்டைக்கு இடம் வேண்டும் என்று மட்டையை உரித்துவிட்டேன். உலோகத் தலைக்கு அதை மாட்டி எஃகுப் பாளத்தின் மேல் விழவிட்டபோது, உள்ளே இருந்த கருவி காட்டிய எண்ணைப் பார்த்து அண்ணன் சொன்னார்: "தம்பி, இதுக்கு வெறும் மல்லியப்பூ வெச்சிட்டுப் போகலாம்."

வீட்டுக்கு வந்து அவள் கொண்டைக்கும் கழுத்துக்கும் நடுவே டேப் வைத்து அளந்தேன். நுரையைக் குறைக்க முடியாது. ஆனால் பின்புற விளிம்பைச் சட்டம் அனுமதிக்கிற கோடு வரை மேலே ஏற்றலாம். அப்படி ஏற்றினால் அதற்குக் கீழே, பிடரியில், கொண்டைக்குக் கொஞ்சம் இடம் வரும்.

"கொண்டையக் கொஞ்சம் எறக்கிப் போடேன்" என்றேன் மெதுவாக.

"நல்லாருக்கே! தலைக்குத் தகுந்த ஹெல்மெட்டா, ஹெல்மெட்டுக்குத் தகுந்த தலையா?"

"ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்."

அவள் கண்ணாடி முன்னால் நின்று கொண்டையைப் பிடித்து மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். "சரி. நீங்க ரெண்டு வெரல் ஏத்துங்க. நான் ரெண்டு வெரல் எறக்குறேன். அதுக்கு மேல ஒரு நூல்கூட எறக்க மாட்டேன்." நான் பார்த்த பேரங்களில் நியாயமானது அதுதான்.

ஸ்ட்ராப்பையும் பின்னால் இரண்டாகப் பிரித்தேன், கொண்டையை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் போகிற மாதிரி. இரண்டாவது சோதனைக்கு முதல் நாள் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. போட்டது நான் என்பதுதான் பயம். தண்ணீர்மலைக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்: 'முருகா, இது தேறிவிட்டால் தைப்பூசத்துக்கு மொட்டை.' அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "நுரை வார்த்தது நானு, எனக்கும் சேத்து வேண்டிக்க" என்றார்.

தேறியது. நுரை எங்கே நசுங்க வேண்டுமோ அங்கே நசுங்கி, எவ்வளவு தின்ன வேண்டுமோ அவ்வளவு தின்றிருந்தது. தைப்பூசத்துக்கு மறுநாள் நானும் அண்ணனும் பளபளவென்று வேலைக்கு வந்தோம். அக்கா கத்தோலிக்கர். எங்கள் இருவர் தலையிலும் சந்தனத்தைப் பார்த்துவிட்டு, "லைட்ட அணைச்சிட்டே தைக்கலாம் போலிருக்கே" என்றார்.

அடுத்த வாரம் மிச்சமிருந்தது உள்மெத்தையின் தடிப்பை முடிவு செய்வது. சுலபமான வேலை. ஹெல்மெட்டைப் போட்டுத் தலையை ஆட்டிப் பார்க்க வேண்டும். லொடலொடத்தால் இன்னும் கொஞ்சம் பஞ்சு. நான் போட்டேன், ஆடியது. பஞ்சு ஏற்றினோம். மறுபடி ஆடியது. மறுபடி ஏற்றினோம். ஒருவழியாகக் கச்சிதமாகப் பிடித்தது. சந்தேகம் வேண்டாம் என்று அண்ணனும் போட்டுப் பார்த்தார். "பெர்ஃபெக்ட் லா!"

அக்கா மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தார். "தம்பி, இது ரொம்பத் தடிப்பா இல்ல?"

"அக்கா, ரெண்டு தலைல சோதிச்சாச்சு. அளவுன்னா அளவுதான்."

பன்னிரண்டு செய்தோம். எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் பதினொரு பேருக்கு. பன்னிரண்டாவது என் மனைவிக்கு. வெளிர்நீலம் அவள் கேட்ட நிறம். காலையில் வாசலில் நின்று போட்டாள். போட்டாள் என்றால், நெற்றிக்கு மேலே நின்றுவிட்டது. நான் மேலிருந்து அழுத்தினேன்.

"ஆ! காது, காது!"

"புதுசுல அப்படித்தான் இருக்கும். போகப் போகத் தளரும்."

"போகப் போக யாரு? என் தலையா?"

முக்கி முனகி இறங்கியது. ஸ்ட்ராப் மாட்ட முடியவில்லை, தாடைக்கு எட்டவில்லை. பாதி வழியில் அவள் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் பழைய ஹெல்மெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். வெளிர்நீலத்தைப் போட வெட்கப்பட்டு நான் வெறும் மொட்டைத் தலையோடு போனேன். எங்களைப் போலீஸ் நிறுத்தியது. ஹெல்மெட் இல்லையா என்று கேட்டதற்கு, நான் ஹெல்மெட் வடிவமைப்பாளன் என்று பதில் சொன்னேன். சம்மனை எழுதிக்கொண்டே அந்தப் போலீஸ்காரர் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

கம்பெனியில் நிலைமை இன்னும் மோசம். ஒருத்தருக்குக் காதில் கம்மல் குத்தியது, ஒருத்தருக்குத் தலைவலி. கணக்குப் பிரிவில் ஒரு மலாய்ப் பெண்ணுக்குப் போட்டதைக் கழற்ற முடியாமல் அக்கா தோளைப் பிடித்துக்கொள்ள நான் இழுத்தேன். மேடம் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஹொக்கியன் வரவில்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள் சரி செய். இல்லாவிட்டால் நிறுத்திவிடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் புலம்பினேன். "எனக்குச் சரியா இருக்கே! பாருங்க!" என்று ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு அறையின் நடுவில் நின்று ஆட்டிக் காட்டினேன். அக்கா எழுந்து வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். என் தலையை முன்னும் பின்னும் தடவினார், சந்தையில் பரங்கிக்காய் பார்ப்பது போல. பிறகு அண்ணனின் தலையைத் தடவினார். பிறகு தன் கொண்டையைத் தொட்டுக்கொண்டார்.

"முடி உள்ள பொம்பளைங்களுக்குச் செய்யுறத, ரெண்டு மொட்டைங்க போட்டுப் பாத்து முடிவு பண்ணிருக்கீங்க."

அண்ணன் மெதுவாக, "ஆண்டவன் குத்தமில்ல, நம்ம குத்தம்தான்" என்றார்.

முடி வளரும்வரை காத்திருக்க நேரமில்லை. சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். பிறகு அலமாரியிலிருந்து தன் சவுரியை எடுத்து வந்தாள். கல்யாணத்துக்குப் பின்னல் நீளமாகத் தெரிய வைத்துக் கட்டிய முடி. "உங்க இரும்புத் தலைக்கு வெச்சுக் கட்டுங்க. இருங்க, நான் காட்டுறேன், நீங்க கட்டுனா அது கொண்டயா இருக்காது" என்று என் மொட்டை மேலேயே செய்து காட்டினாள். கண்ணாடியில் பார்த்தேன். சொல்வதற்கில்லை.

மறுநாள் அக்கா உலோகத் தலைக்குச் சவுரியைப் பரப்பி, அசல் கொண்டை எவ்வளவு தடிப்போ அவ்வளவு கட்டி, பிடரியில் சரியாக இரண்டு விரல் இறக்கினார். முடிக்குள் கொஞ்சம் எண்ணெயும் தடவினார். உண்மைத் தலையில் எண்ணெய் இருக்குமே என்றார். அண்ணன் சும்மா இருக்கமாட்டாமல் சாமி படத்திலிருந்து மல்லிகைத் துண்டு ஒன்றைச் செருகினார். அந்த நேரம் பார்த்து மேடம் உள்ளே வந்தார். கண்ணில்லாத, வாயில்லாத உலோகத் தலை பூவோடும் கொண்டையோடும் அவரைப் பார்த்தது.

"ஆப்பா இனி?" இது என்ன என்று கேட்டார்.

"புது ஸ்டாஃப், மேடம்" என்றேன்.

அன்றுதான் அவர் சிரிப்பதை முதல்முறையாகப் பார்த்தோம்.

மெத்தைகள் பாதிக்குப் பாதி மெலிந்தன. அக்கா முதலிலேயே சொன்ன தடிப்புக்குத்தான் வந்து நின்றன. அதை அவர் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை, இரண்டு முறைதான். வியாழக்கிழமை பதினொரு பெண்களும் மறுபடி போட்டுக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை அவர்கள் என்ன சொல்வார்கள் என்பது மேடத்துக்கு வேண்டியது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள்.

அந்த வெள்ளிக்கிழமைக் காலையை நினைத்தால் மழை பெய்து ஓய்ந்த ரோட்டின் வாசனையும், பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் தட்டும் சத்தமும் சேர்ந்தே வருகின்றன. நான் வண்டியில் உட்கார்ந்து அதை உயிர்ப்பித்தேன். கண்ணாடி வழியாகப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அவள் மல்லிகையைச் சரிசெய்தாள். வெளிர்நீலத்தை இரண்டு கையாலும் எடுத்துத் தலையில் வைத்தாள். வழுக்கிக்கொண்டு இறங்கி உட்கார்ந்தது. விளிம்புக்குக் கீழே கொண்டை தன்பாட்டுக்கு இருந்தது. தலையை ஆட்டினாள், இடம், வலம். எங்கள் வீட்டு வாசலில் போலீஸ் யாரும் இல்லை. தெருவிலும் யாரும் இல்லை.

டக்.

எவ்வளவோ சோதனைகளில் ஸ்ட்ராப் மாட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு வாசலில் கேட்டது அன்றுதான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் கியரைப் போட்டேன்.

தோளில் ஒரு தட்டு விழுந்தது.

"எதுக்கு? போலீஸா?" என்றேன்.

"என்னுது மாட்டியாச்சு. உங்க ஸ்ட்ராப்பு காத்துல ஆடிட்டு இருக்கு, மொதல்ல அத மாட்டுங்க."