மீட்டர் ஏறிய வெள்ளிக்கிழமை

வேடசந்தூர் நூற்பாலை வேலையை விட்டுவிட்டு, திண்டுக்கல்லில் கடைக் கண்ணாடி கழுவும் தொழிலில் இறங்கினேன். முதலில் அமைந்தது பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜவுளிக்கடை. முகப்பு முழுக்கக் கண்ணாடி. வெள்ளிக்கிழமை காலையில் கடை திறக்குமுன் கழுவினேன். வெயில் ஏறியதும் கண்ணாடி பூராவும் வெள்ளைப் புள்ளிகள்.

எங்கள் ஊர் போர் தண்ணீரின் லட்சணம் அப்படி. குடத்தில் பளிங்காக இருக்கும். காய்ந்தால்தான் சுயரூபம் தெரியும். அதற்காகவே பேனா அளவில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன். தண்ணீர் கலங்கலா தெளிவா என்ற கவலை அதற்கில்லை. உப்பும் சுண்ணாம்பும் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எண்ணில் காட்டிவிடும். போர் தண்ணீரில் ஆயிரத்தைத் தாண்டியது. சுத்திகரித்த கேன் தண்ணீரில் இருபதோடு நின்றது. மீட்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு விஞ்ஞானி தோரணையில் திரிந்தேன்.

அடுத்த வெள்ளி கேன் தண்ணீரில் கழுவினேன். மறுபடியும் புள்ளிகள்.

"என்னப்பா, கண்ணாடிக்கு அம்மை போட்டிருக்கு?" என்றார் முதலாளி. "அடுத்த வாரமும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்."

வீறாப்பாக விட்டுவந்த மில்லில் மறுபடி போய் நிற்பதா?

மூன்றாம் வெள்ளி, வாளியில் ஊற்றியதும் மீட்டரை முக்கினேன். இருபது. ஏணி எடுத்து வந்து மறுபடி முக்கினால், எண் ஆயிரங்களில் நிற்கிறது. நிமிர்ந்தேன். எதிரே முதலாளியின் மனைவி, கையில் கல்லுப்புப் பொட்டலம்.

"வாளியில என்னக்கா போட்டீங்க?"

"உப்புதேன். வெள்ளிக்கிழமை கடை கழுவுற தண்ணியில உப்பு போடாம இருப்பாகளா? திருஷ்டி கழியணும்ல?"

தரை துடைக்கும் வாளியில் போடுங்கள் என்று கெஞ்சினேன்.

"ரோட்டுல போறவன் தரையவா பாக்குறான்? கண்ணாடியத்தேன பாக்குறான்?"

மீட்டரை நீட்டினேன். எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "ஆத்தி! ஒரு கை போட்டதுக்கே இம்புட்டு காட்டுதா? நல்ல உப்புதேன்!"

என் விஞ்ஞானம் அதோடு படுத்துவிட்டது. எரிச்சலில் வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். "அக்கா, இந்த ஒரு வாரம் விடுங்க. புள்ளி விழுந்தா நானே போயிர்றேன்."

வேறு கேன் வாங்கி வந்து, வாளியை இரண்டு காலுக்கு நடுவில் காவல் வைத்துக்கொண்டு கழுவினேன். வெயில் ஏறியது. கண்ணாடி இருக்கும் இடமே தெரியவில்லை. முதலாளி ஒருமுறை எட்டிப் பார்த்தார். "அடுத்த வெள்ளி வெள்ளனமே வந்துரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் மனைவி மட்டும் நகரவில்லை. மேலும் கீழும் பார்த்தார். உப்புத் தண்ணீரைக் கொட்டியதற்குத் திட்டு பாக்கி இருக்கிறது என்று நினைத்தேன். அவர் தன் கண்மையை மோதிர விரலால் தொட்டெடுத்து, கண்ணாடியின் கீழ் மூலையில் கருப்பாக ஒரு பொட்டு வைத்தார்.

"இம்புட்டு பளிச்சுன்னு இருந்தா ஊருக் கண்ணு பூராம் இதுமேலதேன், தம்பி."

அழகான பிள்ளைக்குத்தானே அப்படி வைப்பார்கள். அந்தக் கண்ணாடியை நானே பெற்றதுபோல் பூரித்துப்போனேன்.